அமெரிக்காவில் கஞ்சா, ஹெம்ப், டெல்டா-8: புதிதாக வந்திருக்கும் தமிழருக்கு ஒரு சட்ட வழிகாட்டி

டல்லாஸை ஒட்டிய ஊர் ஒன்றில் முதுநிலைப் படிப்புக்கு வந்து ஆறு வாரமே ஆகியிருந்த மாணவர் ஒருவர், தூக்கம் வரவில்லை என்று பெட்ரோல் நிலையத்துக் கடையில் ஒரு பாக்கெட் ஜெல்லி மிட்டாய் வாங்கினார். இரண்டு தின்றார். முக்கால் மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னும் இரண்டு தின்றார். நள்ளிரவில் நெஞ்சு படபடத்து, சுவர்கள் நகர்வதுபோல் தோன்றி அவர் அலறியதும் அறைத் தோழர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். விடியும் வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் தெளிந்ததும் அவர் கேட்டார்: "கல்லாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்து விற்கிறார்களே அண்ணா, பில்லும் கொடுத்தார்களே. அப்படியென்றால் சட்டப்படி சரிதானே?"

இந்தக் கேள்வியைப் பதினைந்து ஆண்டுகளாகப் பல குரல்களில் கேட்டுவருகிறேன். ஒரே வரியில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஒரு மிட்டாயின் மேல் ஒரே நேரத்தில் மூன்று சட்டங்கள் நிற்கின்றன. கடை இருக்கும் மாநிலத்தின் சட்டம், வாஷிங்டனில் இயற்றப்பட்ட மத்திய அரசின் சட்டம், குடியேற்றச் சட்டம். கடைக்காரருக்கு முதல் இரண்டைப் பற்றித்தான் கவலை. அவற்றிலும் பெரும்பாலும் முதலாவதைப் பற்றித்தான். விசாவில் இருப்பவர் மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். அந்த மூன்றையும் எப்படிப் படித்தறிவது என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் பெயரில் வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் மட்டும் இந்தக் கட்டுரை போதாது. அப்போது வழக்கறிஞர்தான் வேண்டும்.

முதல் படி: பெயர்களைப் பிரித்துப் பாருங்கள்

அகராதியில் ஹெம்ப் என்ற சொல்லுக்குச் சணல் என்று போட்டிருக்கும். நம் ஊரில் அரிசி மூட்டைக்குப் பயன்படும் சணல் வேறு செடி. அமெரிக்கச் சட்டத்தில் ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான். மரிஜுவானா என்பதும் அதே செடிதான். இரண்டையும் பிரிப்பது ஓர் எண் மட்டுமே. 2018 டிசம்பரில் கையெழுத்தான வேளாண் சட்டம், உலர்ந்த எடையில் டெல்டா-9 டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மேற்படாத கஞ்சாச் செடியையும் அதிலிருந்து எடுக்கும் பொருள்களையும் ஹெம்ப் என்று வகுத்து, போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்கு மேலே போனால் மரிஜுவானா. டிஎச்சிதான் போதை மயக்கம் தரும் வேதிப்பொருள். டெல்டா-9 என்பது அதன் முக்கிய வடிவம். சிபிடி என்பது அதே செடியின் இன்னொரு வேதிப்பொருள். அது மயக்கம் தருவதில்லை.

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நார், விதை, எண்ணெய், சிபிடி ஆகியவற்றை நினைத்து எழுதினார்கள். சந்தை வேறு வழியில் போனது. எப்படி என்று தெரிந்துகொண்டால்தான் கடை அலமாரி உங்களுக்குப் புரியும்.

முதலாவது, எடைக் கணக்கு. நான்கு கிராம் எடையுள்ள ஒரு ஜெல்லி மிட்டாயில் 0.3 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம் டிஎச்சி. கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் பெற்ற கஞ்சாக் கடையில் விற்கும் தின்பண்டத்தில் ஒரு வேளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆக, "ஹெம்ப்" என்ற பெயரில் பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும் மிட்டாய், கஞ்சாக் கடை மிட்டாயைவிடக் கடுமையானதாக இருக்கலாம். அப்போதும் அது 0.3 சதவீதத்துக்குள்தான் இருக்கும். அன்று அந்த மாணவருக்கு நடந்ததும் இதுதான். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தபோது ஒரு மிட்டாய்க்குப் பத்து மில்லிகிராம் என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. அவர் தின்றது நாற்பது.

இரண்டாவது, டெல்டா-8. இது டிஎச்சியின் இன்னொரு வடிவம். செடியில் இது மிகக் கொஞ்சமாகவே இருக்கிறது. கடையில் விற்பது, சிபிடியை அமிலத்தோடு சேர்த்து வேதிமாற்றம் செய்து தயாரிப்பது. சட்டம் டெல்டா-9 என்று மட்டும் சொன்னதால் டெல்டா-8 அந்த வாசகத்துக்கு வெளியே நின்றது. 2022 மே மாதத்தில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு வணிக முத்திரை வழக்கில், சட்டத்தின் சொற்படி டெல்டா-8 பொருள்கள் ஹெம்ப் வரையறைக்குள் வருகின்றன என்றே சொன்னது. எச்எச்சி, டிஎச்சி-பி போன்ற பெயர்களும் இதே வகையில் வந்தவை.

மூன்றாவது, டிஎச்சிஏ. பச்சைச் செடியில் டிஎச்சி பெரும்பாலும் இந்த அமில வடிவத்தில்தான் இருக்கிறது. சூடுபட்டால் டெல்டா-9 ஆக மாறிவிடும். பற்றவைக்கும் வரை ஹெம்ப், பற்றவைத்ததும் கஞ்சா. இதனால்தான் ஆய்வகங்கள் மொத்த டிஎச்சியைக் கணக்கிடும்போது டிஎச்சிஏ அளவை 0.877 ஆல் பெருக்கி டெல்டா-9 உடன் கூட்டுகின்றன. "டிஎச்சிஏ பூ" என்று எழுதிய பாக்கெட்டைக் கண்டால், நம் ஊரில் கஞ்சா என்று நாம் சொல்லும் பொருளையே பார்க்கிறீர்கள் என்று கொள்ளுங்கள்.

இந்த வாசலை மத்திய அரசு இப்போது அடைத்துவிட்டது. 2025 நவம்பர் 12 அன்று, 43 நாள் அரசு முடக்கத்தை முடித்துவைத்த நிதிச் சட்டத்திலேயே ஹெம்ப்பின் புதிய வரையறையும் சேர்ந்து வந்தது. டிஎச்சிஏ உட்பட மொத்த டிஎச்சிதான் இனி 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் மாற்றித் தயாரித்தவை ஹெம்ப் ஆகா. விற்பனைக்கு வரும் ஒரு டப்பாவில், ஒரு வேளைக்கு அல்ல, முழு டப்பாவுக்கும் சேர்த்து, 0.4 மில்லிகிராமுக்கு மேல் டிஎச்சி இருக்கக் கூடாது. ஓராண்டு அவகாசம் கொடுத்து, 2026 நவம்பரில் நடைமுறைக்கு வருமாறு எழுதப்பட்ட விதி இது. 12 மில்லிகிராம் மிட்டாய் எங்கே, டப்பாவுக்கு 0.4 எங்கே என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய சரக்கு அலமாரியில் கிடப்பதால் மட்டும் அது சட்டப்படி சரியாகிவிடாது.

இரண்டாம் படி: உங்கள் மாநிலம் எந்த வகை என்று பாருங்கள்

2025 முடிவில் 24 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் 21 வயதானவர்கள் கஞ்சா வைத்திருப்பதை அனுமதித்திருந்தன. 1996இல் மருத்துவப் பயன்பாட்டுக்குக் கதவைத் திறந்த முதல் மாநிலம் கலிஃபோர்னியா. 2012இல் பொதுப் பயன்பாட்டை வாக்கெடுப்பில் அனுமதித்தவை கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும். இந்த வரலாறு உங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. முக்கியமானது, ஒவ்வொரு மாநிலத்திலும் கஞ்சாவுக்கு ஒரு விதி, ஹெம்ப்புக்கு இன்னொரு விதி, இரண்டையும் கவனிக்கும் அலுவலகங்களும் வேறு வேறு என்பது. கஞ்சாவுக்குத் தடையுள்ள மாநிலத்தில் ஹெம்ப் தாராளமாகக் கிடைக்கும். கஞ்சாவை அனுமதித்த மாநிலத்தில் ஹெம்ப் மிட்டாய்க்குத் தடை இருக்கும். புதிதாக வருபவர் தடுமாறுவது இங்கேதான்.

டெக்சாஸை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் நிறைய இருக்கும் மாநிலம். சிக்கலும் மிகுந்த மாநிலம். பொதுப் பயன்பாட்டுக்குக் கஞ்சா அங்கே குற்றம். இரண்டு அவுன்ஸுக்கு (ஓர் அவுன்ஸ் சுமார் 28 கிராம்) குறைவாகக் கஞ்சாப் பூ வைத்திருந்தாலே 180 நாள் வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் உண்டு. ஆனால் 2019இல் மத்திய அரசின் 0.3 வரையறையை மாநிலமும் ஏற்றதால் ஹெம்ப் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 2025இல் அவற்றை முற்றிலும் தடைசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஜூன் 22 அன்று ஆளுநர் கிரெக் அபோட் அதைத் தன் அதிகாரத்தால் நிராகரித்தார். பிறகு கூட்டிய சிறப்புக் கூட்டத் தொடர்களிலும் உடன்பாடு வரவில்லை. செப்டம்பரில் ஆளுநர் தனி ஆணை மூலம் 21 வயதுக்குக் கீழானவர்களுக்கு விற்பதைத் தடுக்கச் சொன்னார். கன்னபினாய்டு (டிஎச்சி, சிபிடி போன்ற கஞ்சாச் செடி வேதிப்பொருள்கள்) கலந்த வேப் கருவிகளை விற்பது அந்தச் செப்டம்பர் முதலே குற்றம். ஓராண்டுக்குள் இத்தனை திருப்பங்கள். எனவே போன வருடம் வந்த சீனியர் சொல்வதைக் கேட்டு டெக்சாஸில் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

டெக்சாஸில் யாரும் சொல்லாத ஆபத்து ஒன்று இருக்கிறது. பூவாக இல்லாமல் சாறு எடுத்து மிட்டாயிலோ கேக்கிலோ வேப்பிலோ கலந்த கஞ்சாவை அந்த மாநிலச் சட்டம் தனிப் பிரிவில், கடும் தண்டனையோடு வைத்திருக்கிறது. எடை போடும்போது டிஎச்சியை மட்டும் போடுவதில்லை. கலந்திருக்கும் சர்க்கரை, மாவு எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. விடுமுறைக்குக் கொலராடோ போய், அங்கே சட்டப்படி வாங்கிய பத்து மிட்டாய் கொண்ட பாக்கெட்டைக் காரில் மறந்து கொண்டு வருகிறீர்கள் என்று வையுங்கள். ஒன்று நான்கு கிராம் என்றால் மொத்தம் நாற்பது கிராம். நான்கு கிராமைத் தாண்டினாலே அது இரண்டாம் நிலைப் பெருங்குற்றம். தண்டனை இரண்டு முதல் இருபது ஆண்டு வரை. முதல் தவறுக்கு நீதிமன்றம் அவ்வளவு கொடுக்குமா என்பது வேறு. குற்றச்சாட்டுப் பத்திரத்தில் அந்தப் பிரிவு ஏறிவிட்டாலே உங்கள் விசா வாழ்க்கை தலைகீழாகிவிடும்.

நியூ ஜெர்சியில் நிலைமை தெளிவானது. 2022 ஏப்ரல் 21 முதல் லைசென்ஸ் பெற்ற கடைகளில் 21 வயதானவர்கள் வாங்கலாம். ஆறு அவுன்ஸ் வரை வைத்திருக்கலாம். வீட்டில் ஒரு செடி வளர்த்தால் மட்டும் இன்றும் குற்றம். மாடித் தோட்டப் பிரியர்கள் இதை நினைவில் வையுங்கள். ஹட்சன் நதிக்கு அப்பால் நியூயார்க்கில் வரம்பு மூன்று அவுன்ஸ் பூ, 24 கிராம் சாறு. இரண்டு கரையிலும் அனுமதி இருப்பதால் இரு மாநிலங்களையும் இணைக்கும் பாத் ரயிலில் எடுத்துப்போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. மாநில எல்லையைத் தாண்டிக் கஞ்சா கொண்டுபோவது மத்தியச் சட்டப்படி குற்றம், இரு பக்கமும் அனுமதி இருந்தாலும்.

கலிஃபோர்னியாவில் 28.5 கிராம் பூ, எட்டு கிராம் சாறு வரை அனுமதி. அங்கே ஹெம்ப் பக்கம்தான் கெடுபிடி: 2024 செப்டம்பரில் வந்த அவசர விதி, கண்டறியக்கூடிய அளவு டிஎச்சி இருக்கும் ஹெம்ப் உணவு, பானம், சத்து மாத்திரை அனைத்தையும் தடுத்தது. சன்னிவேலில் ஒரு மளிகைக் கடையில் "ஹெம்ப் டிஎச்சி" என்று எழுதிய டப்பா இருந்தால் அந்தக் கடை விதியை மீறுகிறது. மினசோட்டா இதற்கு எதிர்த்திசையில் போனது. 2022 ஜூலை முதல் ஒரு வேளைக்கு 5 மில்லிகிராம், ஒரு பாக்கெட்டுக்கு 50 மில்லிகிராம் என்று அளவு வைத்து ஹெம்ப் தின்பண்டங்களை வெளிப்படையாகவே அனுமதித்தது.

ஜார்ஜியாவில் ஹெம்ப் பொருள் வாங்க 2024 அக்டோபர் முதல் 21 வயது வேண்டும். வட கரோலினாவில் கஞ்சா பொதுப் பயன்பாட்டுக்கும் இல்லை, மருத்துவத்துக்கும் இல்லை. ஆனால் ஹெம்ப் மிட்டாய் வாங்க 2025 வரை மாநிலச் சட்டத்தில் வயது வரம்புகூட இல்லை. அதே மாநிலத்தின் மேற்கே செரோக்கி பழங்குடியினரின் நிலத்தில், அவர்கள் தங்கள் சட்டப்படி நடத்தும் கஞ்சாக் கடை 2024இல் திறந்தது. அந்த நில எல்லையைத் தாண்டி வெளியே வந்தால் மாநிலச் சட்டம் காத்திருக்கும். ஐடஹோவில் ஹெம்ப் பொருளில்கூட டிஎச்சி பூஜ்யமாக இருக்க வேண்டும்.

உங்கள் மாநிலத்தைச் சரிபார்க்க வேண்டிய இடம் மாநில அரசின் இணையதளம் மட்டுமே. முகவரி டாட் கவ் என்று முடிகிறதா பாருங்கள். கடையின் இணையதளமும் வாட்ஸ்அப் குழுவும் ஆதாரமாகா.

மூன்றாம் படி: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

வாங்குவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அறைத் தோழர் ஃபிரிட்ஜில் வைத்த டப்பா எது, விருந்தில் நீட்டிய சாக்லேட் எது என்று அறிய இந்தப் பழக்கம் தேவை. முன்பக்கத்தில் டெல்டா, டிஎச்சி, எச்எச்சி என்ற எழுத்துகளைத் தேடுங்கள். கலிஃபோர்னியாவில் முக்கோணத்துக்குள் கஞ்சா இலையும் ஆச்சரியக்குறியும் இருக்கும் முத்திரை கட்டாயம். பின்பக்கத்தில் கியூஆர் குறியீடு இருந்தால் அது ஆய்வகச் சான்றிதழுக்குப் போக வேண்டும். சான்றிதழில் உள்ள தொகுதி எண்ணும் பாக்கெட்டில் அச்சிட்ட எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தேதி பழையதாக இருக்கக் கூடாது. மொத்த டிஎச்சி என்ற வரி தனியாக இருக்க வேண்டும். குறியீடு கடையின் முகப்புப் பக்கத்துக்கே போனால் சான்றிதழ் இல்லை என்று பொருள். நியூயார்க்கில் லைசென்ஸ் உள்ள கடைகள் வாசலருகே அரசின் சரிபார்ப்புப் பலகையை ஒட்டியிருக்கும்.

நான்காம் படி: விசாவின் கண்ணால் பாருங்கள்

மேலே சொன்ன அனுமதிகள் அனைத்தும் அமெரிக்கக் குடிமகனுக்கு ஓரளவு நிம்மதி தரும். எஃப்-1 (மாணவர்), எச்-1பி (வேலை), எச்-4 (எச்-1பி குடும்பத்தார்), கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு) என எதில் இருந்தாலும், அந்த நிம்மதி நமக்கு இல்லை.

1970ஆம் ஆண்டின் மத்தியப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் மரிஜுவானாவை ஹெராயினோடு சேர்த்து, கட்டுப்பாடு மிகுந்த முதல் பட்டியலில் வைத்தது. அதை மூன்றாம் பட்டியலுக்கு இறக்கும் முன்மொழிவு 2024 மே மாதத்தில் வந்தது. விரைந்து முடிக்குமாறு 2025 டிசம்பரில் அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். செய்தியைப் படித்துவிட்டுப் பலர் இனிப் பயமில்லை என்கிறார்கள். குடியேற்றச் சட்டம் பட்டியல் எண்ணைப் பார்ப்பதில்லை. "கட்டுப்படுத்தப்பட்ட பொருள்" என்ற சொல்லைத்தான் பார்க்கிறது. மூன்றாம் பட்டியலில் இருப்பதும் கட்டுப்படுத்தப்பட்ட பொருளே.

மூன்று விஷயங்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, தண்டனை பெறாமலே சிக்கல் வரலாம். தூதரகத்திலோ விமான நிலையத்திலோ அதிகாரியிடம் "கலிஃபோர்னியாவில் ஒருமுறை எடுத்திருக்கிறேன், அங்கே அனுமதி உண்டு" என்று ஒப்புக்கொள்வதே, சட்டம் கேட்கும் விதத்தில் அமைந்துவிட்டால், நாட்டுக்குள் நுழையத் தகுதியின்மைக்குக் காரணமாகும். பொய் சொன்னால் அது தனிக் குற்றம். அதன் விளைவு இன்னும் மோசம். அப்படிப்பட்ட கேள்வி வந்தால், வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று பணிவாகச் சொல்லலாம். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும். அதே ஆண்டு டிசம்பரிலிருந்து எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களுக்கும் அது பொருந்தும். டென்வர் கஞ்சாக் கடை வாசலில் நின்று எடுத்த படம் உங்களைப் பற்றிய ஆவணமாகிவிடும்.

இரண்டு, "30 கிராம் விலக்கு" என்று கேள்விப்படுவீர்கள். சொந்தப் பயன்பாட்டுக்காக 30 கிராம் அல்லது அதற்குக் குறைவான மரிஜுவானா வைத்திருந்த ஒரே ஒரு குற்றத்துக்கு நாடு கடத்தலிலிருந்து விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த விலக்கு உள்ளே இருப்பவரை வெளியேற்றும் பிரிவுக்கு உரியது. தங்கை கல்யாணத்துக்குச் சென்னை போய்த் திரும்பும்போது உங்களை உள்ளே விடலாமா என்று தீர்மானிக்கும் பிரிவில் அப்படி ஒரு விலக்கு இல்லை.

மூன்று, மாநில நீதிமன்றம் மன்னித்தாலும் குடியேற்றத் துறை மறப்பதில்லை. டெக்சாஸில் "டிஃபர்டு அட்ஜுடிகேஷன்" என்று ஒரு வழி சொல்வார்கள்: குற்றத்தை ஒப்புக்கொள், சில மாதம் ஒழுங்காக இரு, வழக்கு மூடப்படும். உள்ளூர்ச் சட்டப்படி அது தண்டனை இல்லை. குடியேற்றச் சட்டப்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிபதி ஏதேனும் ஒரு கட்டுப்பாட்டை விதித்தாலே அது தண்டனைத் தீர்ப்புதான். 2022 அக்டோபரில் அதிபர் பைடன் சாதாரண மரிஜுவானா குற்றங்களுக்கு அளித்த பொது மன்னிப்பும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. விசாவில் இருப்பவர்கள் அதில் இல்லை.

நண்பருக்கு ஒரு மிட்டாய் கொடுப்பதும் சட்டத்தின் மொழியில் விநியோகம் ஆகலாம். மூன்று வயதில் ஜமைக்காவிலிருந்து வந்து கிரீன் கார்டோடு வளர்ந்த ஏட்ரியன் மான்கிரிஃப் என்பவரை, ஜார்ஜியாவில் போக்குவரத்துச் சோதனையில் 1.3 கிராம் கஞ்சாவோடு பிடித்தார்கள். விநியோக நோக்கம் என்ற பிரிவில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதால், அதைக் கடுங்குற்றமாக எண்ணி நாடு கடத்த முனைந்தார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு தேக்கரண்டி அளவு சரக்குக்காக ஒரு மனிதர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

குடியுரிமைக்குக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை தெளிவாக எழுதிவைத்தது: மாநிலம் அனுமதித்த கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதுகூட நன்னடத்தைத் தகுதியைக் கெடுக்கலாம். டிஸ்பென்சரி எனும் கஞ்சாக் கடையில் பகுதிநேர வேலை வேண்டாம். கஞ்சா நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதும் ஒப்பந்தம் வந்தால், கையெழுத்திடுமுன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். மருத்துவக் கஞ்சா அட்டைக்கும் இதே ஜாக்கிரதை.

ஐந்தாம் படி: காலடியில் இருப்பது யாருடைய நிலம் என்று பாருங்கள்

கலிஃபோர்னியாவுக்குள் யோசெமிட்டி இருக்கிறது. அந்தப் பூங்கா மத்திய அரசின் நிலம். சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தை ஒட்டிய கடற்கரைப் பகுதிகளில் பெரும்பாலானவையும் அப்படியே. அங்கே மாநில அனுமதி செல்லாது. மத்தியச் சட்டப்படி முதல்முறை வைத்திருந்தாலே ஓராண்டு வரை சிறையும் குறைந்தது 1,000 டாலர் அபராதமும் விதிக்கலாம். பல்கலைக்கழக விடுதியும் இதே கணக்குதான். மத்திய நிதி பெறும் கல்லூரிகள் வளாகத்தில் போதைப்பொருளைத் தடைசெய்தாக வேண்டும். நியூ மெக்சிகோவின் வெண்மணல் பாலைவனத்தைப் பார்த்துவிட்டு ஐ-10 நெடுஞ்சாலையில் டெக்சாஸ் திரும்புபவர்கள் சியெரா பிளாங்கா சோதனைச் சாவடியில் எல்லைக் காவல் படையின் மோப்ப நாய்களைச் சந்திப்பார்கள். அங்கே உங்கள் கடவுச்சீட்டைப் பார்ப்பவர்களும் அவர்கள்தாம்.

ஊருக்குப் போகும் பெட்டியில் இதில் எதுவும் இருக்கவே கூடாது. அப்பாவின் மூட்டு வலிக்கு என்று வாங்கிய சிபிடி எண்ணெயும் இதில் சேரும், ஏனென்றால் அதில் டிஎச்சி கலந்திருக்கலாம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அமெரிக்கப் பில்லைக் காட்டி அதிலிருந்து தப்ப முடியாது. சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு இன்னும் கடுமை. அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டதற்கே திரும்பியதும் வழக்கைச் சந்திக்கலாம்.

ஆறாம் படி: வேலையும் வீடும்

வேலைக்குச் சேரும்போது சிறுநீர்ச் சோதனை கேட்கும் நிறுவனங்கள் இன்றும் உண்டு. நீங்கள் தின்றது ஹெம்ப் மிட்டாயா கஞ்சாக் கடை மிட்டாயா என்று வழக்கமான சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. டிஎச்சி இல்லை என்று விளம்பரம் செய்த சிபிடி சாற்றைக் குடித்த ஒரு லாரி ஓட்டுநர், சோதனையில் தேறாமல் வேலை இழந்தார். அவர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தயாரிப்பாளர் மேல் வழக்குத் தொடரலாம் என்று 2025 ஏப்ரலில்தான் தீர்ப்பு வந்தது.

வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெயர்பெற்ற தின்பண்டங்களின் உறையைப்போலவே அச்சடித்த டிஎச்சி மிட்டாய்கள் சந்தையில் உண்டு. 2023இல் மத்திய அரசின் இரு துறைகள் சேர்ந்து அப்படிப்பட்ட விற்பனையாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பின. குழந்தைக்கு உறை மட்டும்தான் தெரியும். தின்பண்டமாக உட்கொண்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை கழித்துத்தான் மயக்கம் தெரியத் தொடங்கும் என்பதால், பெற்றோருக்கும் காரணம் உடனே பிடிபடாது. குழந்தை தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணை அழையுங்கள். அது இலவசம், நாடு முழுவதும், எந்நேரமும். மூச்சுத் திணறினாலோ எழுப்பியும் எழாவிட்டாலோ 911. அப்போது மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். உயிருக்கு முன்னால் விசா பெரிதில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் மாத்திரை இருந்தால், சிபிடி அதன் வேகத்தைக் கூட்டிவிடும். அக்கம்பக்கத்தார் அன்போடு கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏழாம் படி: போலீஸ் நிறுத்திவிட்டால்

ஓட்டுநர் உரிமத்தையும் காப்பீட்டையும் கொடுங்கள். பெயரைச் சொல்லுங்கள். கைகளைக் கண்ணில் படும்படி வையுங்கள். வண்டியைச் சோதிக்கச் சம்மதமா என்று கேட்டால், சம்மதமில்லை என்று அமைதியாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் மீறிச் சோதித்தால் தடுக்காதீர்கள். அது யாருடையது, எங்கே வாங்கியது என்ற கேள்விகளுக்கு வழக்கறிஞர் வேண்டும் என்பதே பதில். நம் பிள்ளைகள் பெரியவர்களிடம் பேசிப் பழகிய மரியாதையில் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து விளக்காதீர்கள். கைதானால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். இலங்கைத் தமிழர்கள் தங்கள் தூதரகத்தைக் கேட்கலாம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று யார் சொன்னாலும், குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். நாற்பது ஆண்டு கிரீன் கார்டோடு வாழ்ந்த, வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய ஹோசே படியா என்பவர், லாரியில் கஞ்சா கொண்டுபோன வழக்கில், இவ்வளவு காலம் இருந்துவிட்டதால் கவலை வேண்டாம் என்ற தன் வழக்கறிஞரின் பேச்சை நம்பி ஒப்புக்கொண்டார். நாடு கடத்தல் உத்தரவை எதிர்கொள்ள நேர்ந்தது. அவர் வழக்கில்தான், குடியேற்ற விளைவைக் கட்சிக்காரரிடம் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "நான் விசாவில் இருக்கிறேன். இதை ஒப்புக்கொண்டால் என் விசாவுக்கு என்ன ஆகும்? எழுத்தில் தருவீர்களா?"

வீட்டில் ஏற்கெனவே ஒரு பாக்கெட் கிடந்தால், அதை நண்பருக்குக் கொடுக்காதீர்கள், தபாலில் யாருக்கும் அனுப்பாதீர்கள், வேறு மாநிலத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். பிரித்து, வடிகட்டிய காப்பித்தூள் சக்கையோடு கலந்து, ஒரு பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். அந்த மாணவரும் நானும் அன்று காலை அதைத்தான் செய்தோம். பிறகு அவருக்குக் கொஞ்சம் ரசம் சாதம் பிசைந்து கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.